பதில் வராத அழைப்பு

1980களின் பிற்பகுதியில், வேறொரு கணினியில் இருக்கும் கோப்புகளை வலையமைப்பு வழியாகத் திறந்து வேலை செய்தவர்களுக்கு ஒரு விநோதம் பழக்கமாகியிருந்தது. கோப்பு இருக்கிறதா என்று பட்டியல் போட்டுப் பார்ப்பார்கள், இருக்கும். அழிக்கக் கட்டளை கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் திரை அசையாமல் நிற்கும். பிறகு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழைச் செய்தி வரும். மறுபடி பட்டியல் போட்டால் கோப்பு உண்மையாகவே இருக்காது. வேறு யாரும் அதைத் தொட்டிருக்கவும் மாட்டார்கள்.

நடந்தது இதுதான். கோப்பு இருந்தது சர்வரில். அழிக்கச் சொன்ன கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, சர்வரும் அழித்துவிட்டது. ‘முடிந்தது’ என்று சர்வர் அனுப்பிய பதில் மட்டும் வழியில் தொலைந்தது. பதிலைக் காணோமே என்று மேசைக் கணினி அதே கோரிக்கையை இன்னொரு தடவை அனுப்பியது. அது போய்ச் சேரும்போது கோப்பு ஏது? சர்வர் உள்ளதைத்தான் சொன்னது. மேசைக் கணினியும் வந்த பதிலை அப்படியே காட்டியது. இரண்டு பக்கமும் உண்மை பேசியும் நடுவில் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தவறான செய்தி கிடைத்தது.

ஒரு கணினியில் ஓடும் நிரல், இன்னொரு கணினியில் இருக்கும் செயற்கூறைத் தன் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலப் பெயர் சொல்லிக் கூப்பிட வழிசெய்யும் ஏற்பாட்டுக்கு ரிமோட் புரொசீஜர் கால் என்று பெயர். தொழிலில் புழங்கும் பெயர் ஆர்பிசி. இன்று பெரிய இணையச் சேவை ஒன்றில் நாம் ஒரு பொத்தானைத் தொட்டால், பின்னால் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று இப்படித்தான் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொள்கின்றன. இதற்கான நெறிமுறையை வகுப்பது என்றதும், செய்தியில் எந்த எண் எத்தனையாவது பைட்டில் உட்கார வேண்டும் என்று கட்டம் போடுவதுதான் வேலை என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். கட்டம் போடுவது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். நாள்கணக்கில் யோசிக்க வைப்பது வேறொரு கேள்வி: எந்தப் பக்கம் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும், எப்போது அதை மறக்கலாம்? மேலே சொன்ன கோப்பு விஷயத்தில், தான் அழித்ததைச் சர்வர் மறந்துவிட்டது. கோளாறு முழுவதும் அவ்வளவுதான்.

ஒரே கணினிக்குள் செயற்கூறைக் கூப்பிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: விடை வரும், அல்லது பிழை வரும். கூப்பிட்டதும் கூப்பிடப்பட்டதும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். நடுவில் கம்பி வந்துவிட்டால் மூன்றாவதாக ஒன்று முளைக்கிறது: எதுவுமே வராத நிலை. கோரிக்கை போகும் வழியில் தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, வேலையின் நடுவில் சர்வர் விழுந்திருக்கலாம். வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். சர்வர் நலமாக இருந்து, வேலை இன்னும் ஓடிக்கொண்டும் இருக்கலாம். கூப்பிட்டவருக்கு இந்த நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்திலேயே, 1976இல், ஜேம்ஸ் வைட் என்பவர் ஆர்எஃப்சி 707 என்ற ஆவணத்தில் இதற்கான சட்டகத்தை எழுதியிருக்கிறார். தொலைவில் இருக்கும் வசதிகளைச் செயற்கூறு போலக் கூப்பிட முடிந்தால், ஒவ்வொரு வசதிக்கும் ஒரு தனி நெறிமுறை படிக்கும் தொல்லை இல்லை என்பது அவர் வாதம். பிறகு புரூஸ் நெல்சன் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1981இல் இதையே முனைவர் பட்ட ஆய்வாக்கினார். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ பிரெல்லும் நெல்சனும் இதைச் செய்து காட்டி, 1984இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது அவர்கள் இருவருக்கும் கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். இத்துறைக்கு வரும் இளைஞர்கள் புதிய கருவிகளைத் தொடுவதற்கு முன் அந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

அவர்கள் செய்த ஏற்பாட்டில் கூப்பிடும் பக்கத்தில் ஸ்டப் என்று ஒரு துண்டு நிரல் இருக்கும். உண்மையான செயற்கூறின் பெயரையும் உள்ளீடுகளின் வரிசையையும் அப்படியே சுமந்துகொண்டு, அதுபோலவே நடிக்கும். உள்ளே வேலை எதுவும் தெரியாது. கொடுத்த மதிப்புகளை வாங்கிப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஸ்டப் பொட்டலத்தைப் பிரித்து உண்மையான செயற்கூறைக் கூப்பிடும். விடை அதே வழியில் திரும்பும். இந்த இரண்டு ஸ்டப்களையும் மனிதர்கள் எழுத வேண்டியதில்லை. லூபைன் என்ற நிரல் தானே எழுதிக் கொடுத்தது. எந்தச் சேவை எந்தக் கணினியில் இருக்கிறது என்பதை கிரேப்வைன் என்ற பகிர்வுத் தரவுத்தளத்தில் தேடிக்கொள்ளலாம்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி, பொட்டலங்களின் எண்ணிக்கையைக் குறைக்க அவர்கள் கண்ட வழி. பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வருவதுபோல, பொட்டலம் கிடைத்ததற்கு ஒப்புகை அனுப்புவது வலையமைப்பில் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒரு அழைப்புக்கு நான்கு பொட்டலங்கள்: கோரிக்கை, கோரிக்கைக்கு ஒப்புகை, பதில், பதிலுக்கு ஒப்புகை. பிரெல்லும் நெல்சனும் இரண்டிலேயே முடித்தார்கள். பதில் வந்தாலே கோரிக்கை போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடுகிறதே, அதற்குத் தனி ஒப்புகை எதற்கு? பதில் கிடைத்தது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? ஒரு நிரலோட்டம், அதாவது ஓடும் நிரலின் ஓர் இழை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு அழைப்பில்தான் காத்திருக்க முடியும். அதே நிரலோட்டத்திடமிருந்து அடுத்த அழைப்பு வந்தால், முந்தைய பதில் கைக்குக் கிடைத்துவிட்டது என்று பொருள்.

ஒவ்வொரு அழைப்பிலும் கணினியின் அடையாளம், அதற்குள் கூப்பிடும் நிரலோட்டத்தின் அடையாளம், ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் மூன்றும் இருக்கும். சர்வர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு நிரலோட்டத்துக்கும் கடைசியாகப் பார்த்த வரிசை எண்ணைக் குறித்து வைப்பது. அதே எண்ணோ அதைவிடச் சின்ன எண்ணோ வந்தால் அது பழைய கோரிக்கையின் நகல். வேலையைத் திரும்பச் செய்யாது. வரலாறு முழுவதையும் சுமக்கத் தேவையில்லை, ஆளுக்கு ஒரு எண் போதும். பேச்சு நின்று, பழைய நகல் எதுவும் இனி வர வாய்ப்பில்லை என்கிற அளவு நேரம் போனபின் அதையும் அழித்துவிடலாம்.

கூப்பிட்ட கணினி அணைந்து மறுபடி எழுந்தால் வரிசை எண் மறந்துபோகுமே என்று கேட்கலாம். அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்து உருவாக்கிய இன்னொரு எண்ணையும் சேர்த்தார்கள். புதிதாக எழுந்த கணினியின் எண் எப்போதும் பழையதைவிடப் பெரிதாக இருக்கும். சர்வர் விழுந்து எழுந்தாலோ, சேவையின் அடையாள எண் மாறிவிடும். பழைய எண்ணோடு வருகிற அழைப்புகளைச் சர்வர் ஏற்காது. இத்தனைக்கும் பிறகு அவர்கள் கொடுத்த உறுதிமொழி அடக்கமானது: விடை திரும்பி வந்தால் வேலை சரியாக ஒரு முறை நடந்திருக்கிறது. பிழை என்று வந்தால் ஒரு முறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். எது என்று சொல்ல இயலாது. சொல்ல முடியாததை முடியாது என்று எழுதி வைத்ததற்காகவே அந்தக் கட்டுரையின் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

வேகத்தையும் அளந்து போட்டிருக்கிறார்கள். எதுவும் கொடுக்காமல் எதுவும் வாங்காமல் ஒரு வெற்று அழைப்பு, இரண்டு டொராடோ கணினிகளுக்கு நடுவே, நொடிக்கு சுமார் 30 லட்சம் பிட் ஓடும் ஈதர்நெட் கம்பியில், 1097 மைக்ரோநொடி எடுத்தது. அதையே ஒரு கணினிக்குள் செய்தால் 9 மைக்ரோநொடி. நிரலில் இரண்டு வரிகளும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கு மற்றதைவிட சுமார் 120 மடங்கு நேரம். நடிப்பு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நிரல் எழுதுபவர் ஏமாறுவார். 1994இல் சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் உடன் பணியாற்றியவர்களும் இதைத்தான் அழுத்தமாக வாதிட்டார்கள்: உள்ளூர் அழைப்பையும் தொலை அழைப்பையும் ஒன்றாகக் காட்ட முயல்வதே தவறு.

அதே சன் நிறுவனம் அதற்குப் பத்தாண்டு முன் உருவாக்கிய ஆர்பிசி வேறு பாதையில் போனது. என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை அதன் மேல்தான் நின்றது. அதில் ஒரு வெற்று அழைப்பை அருகில் வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 40 பைட். நான்கு நான்கு பைட்டாகப் பத்து எண்கள். முதலில் அழைப்பின் அடையாள எண். அடுத்தது 0: இது அழைப்பு என்று பொருள். பதிலாக இருந்தால் 1. அடுத்தது 2, ஆர்பிசியின் பதிப்பு. பிறகு எந்தச் சேவை என்ற எண்; என்எஃப்எஸ்ஸுக்கு 100003. பிறகு அந்தச் சேவையின் பதிப்பு, பிறகு எத்தனையாவது செயற்கூறு. மிச்சம் நான்கும் அழைப்பவர் யார் என்று காட்டும் இடம். வெற்று அழைப்பில் நான்கும் 0. இதற்கு வரும் பதில் 24 பைட். இந்த முறையில் எல்லாச் சேவைகளிலும் 0 ஆம் செயற்கூறு எதையும் செய்யாது என்பது மரபு. ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்க மட்டும் அது.

என்எஃப்எஸ் சர்வர், கூப்பிட்டவர்களைப் பற்றி எதையும் நினைவில் வைக்காது என்று முடிவெடுத்தார்கள். ‘அடுத்த பகுதியைக் கொடு’ என்று கேட்க முடியாது. ‘8192ஆவது பைட்டிலிருந்து 4096 பைட் கொடு’ என்றுதான் கேட்க வேண்டும், ஏனென்றால் எதுவரை படித்தீர்கள் என்று சர்வருக்குத் தெரியாது. இதில் பெரிய நன்மை இருந்தது. சர்வர் விழுந்து எழுந்தால் யாரிடமும் எதையும் விசாரிக்க வேண்டாம். மேசைக் கணினிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், எழுந்ததும் பதில் கிடைக்கும். 8192இலிருந்து படி என்று பத்துத் தடவை கேட்டாலும் விடை அதேதான். எழுதுவதும் அப்படியே: அதே இடத்தில் அதே எழுத்துகளை இரண்டு தடவை எழுதினால் கோப்பு கெட்டுவிடாது.

எல்லா வேலையும் இப்படி இருந்துவிட்டால் கவலையே இல்லை. அழிப்பதும் பெயர் மாற்றுவதும் அப்படி இல்லை. புதிதாக ஒரு கோப்புறை உருவாக்கச் சொல்லி, பதில் தொலைந்து, திரும்பக் கேட்டால், அது ஏற்கெனவே இருக்கிறதே என்று பிழை வரும். 1989இல் செட் ஜுஸ்சாக் என்ற பொறியாளர் ஒரு யூசெனிக்ஸ் மாநாட்டில் இதற்கு மருந்து சொன்னார்: அண்மையில் வந்த கோரிக்கைகளையும் அவற்றின் கதியையும் சர்வர் ஒரு சின்னப் பட்டியலில் வைத்திருக்கட்டும், நகல் வந்தால் திரும்பச் செய்யாமல் இருக்கட்டும். எதையும் நினைவில் வைக்க மாட்டேன் என்றிருந்த சர்வர், கொஞ்சமாக நினைவில் வைக்கத் தொடங்கியது. ஆனால் எவ்வளவு நேரம்? பட்டியல் நிரம்பினால் பழையது வெளியே தள்ளப்படும். நெரிசல் நேரத்தில் நகல் வருவதற்குள் குறிப்பு போய்விடலாம். நகல்கள் அதிகம் வருவதும் அந்த நெரிசலில்தான்.

1995இல் வந்த என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில், புதிய கோப்பை உருவாக்குவதற்கு மட்டும் ஒரு அழகான வழி இருக்கிறது. கூப்பிடுபவர் தானே 8 பைட் எண் ஒன்றை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புவார். சர்வர் அதைக் கோப்போடு சேர்த்து வைக்கும். மறுபடி கோரிக்கை வந்தால், கோப்பு இருக்கிறது, எண்ணும் அதேதான். அப்படியானால் இது அவரே கேட்டது, வெற்றி என்று சொல்லிவிடலாம். இன்றைய பணப் பரிமாற்ற மென்பொருள்களில் புழங்கும் உத்தியும் இதுவே. ஒவ்வொரு செலுத்தலுக்கும் அனுப்புபவர் பக்கத்தில் ஒரு எண் பிறக்கும். எத்தனை முறை முயன்றாலும் எண் மாறாது. பணம் ஒரு தடவைதான் கழியும். முயற்சிக்கு ஒரு எண் என்று தப்பாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புது எண் போடும் நிரலை நான் பார்த்திருக்கிறேன். திருத்தியது ஒரே ஒரு வரி. எண்ணை உருவாக்கும் வரியைச் சுழற்சிக்கு வெளியே எடுத்து வைத்தோம்.

கட்டம் போடுவது ஒரு பிற்பகல் வேலை என்றேன். அந்த வேலையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், அதிலும் நினைவு வருகிறது. 300 என்ற எண்ணை அனுப்ப வேண்டும். சன் வகுத்த எக்ஸ்டிஆர் முறையில் அது 0, 0, 1, 44 என்ற நான்கு பைட். 1ஐ 256ஆல் பெருக்கி 44ஐக் கூட்டினால் 300. பெரிய இலக்கம் முன்னால் வரும். இன்டெல் சிப் உள்ள கணினி அதே எண்ணை 44, 1, 0, 0 என்று தலைகீழாக வைக்கும். ஒருவர் அனுப்பியதை மற்றவர் தன் வழக்கப்படி படித்தால் 300 ரூபாய் 73,82,63,040 ரூபாயாகிவிடும். எந்த வரிசை என்று முன்பே பேசி வைப்பதுதான் தீர்வு. கூகுள் 2008இல் வெளியிட்ட புரோட்டோபஃப் முறையோ 172, 2 என்று இரண்டே பைட்டில் முடித்துவிடும். ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட் எண்ணுக்கு, எட்டாவது பிட் ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்ல. 172இலிருந்து அந்த 128ஐக் கழித்தால் மறுபடி அதே 44. இரண்டாவது பைட்டின் 2ஐ 128ஆல் பெருக்கினால் 256.

புரோட்டோபஃப்பில் புலங்களுக்குப் பெயர் போகாது, எண்தான் போகும். தெரியாத எண் வந்தால் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே நொடியில் புதிய பதிப்புக்கு மாற்ற யாராலும் முடியாது. பழையதும் புதியதும் பல நாள் கலந்து ஓடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒரு புலம் வேண்டாம் என்று நீக்கினால் அதன் எண்ணை வேறு எதற்கும் கொடுக்கக்கூடாது. எங்கோ ஒரு மூலையில் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு வட்டில் பழைய செய்தி கிடக்கும். சர்வர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்தால் போதும் என்றோம். புல எண்களை மறக்க அனுமதியே இல்லை.

காத்திருக்கும் நேரத்திலும் காலம் நிறைய மாறியிருக்கிறது. பிரெல்லும் நெல்சனும் காலக்கெடு வைக்கவில்லை. வேலை நீண்டால் நடுநடுவே சின்னப் பொட்டலம் அனுப்பி விசாரிப்பார்கள். அதற்குச் சர்வர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை காத்திருப்பார்கள். 2015இல் கூகுள் வெளியிட்ட ஜிஆர்பிசியில் கூப்பிடுபவர் கெடு வைக்கலாம். அது அழைப்போடு சேர்ந்தே பயணம் போகும். எத்தனை மணிக்குள் என்று போகாது, இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று போகும், ஏனென்றால் இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. நடுவில் இருக்கும் சேவை, தான் செலவழித்தது போக மிச்சத்தை அடுத்த சேவைக்குக் கொடுக்க வேண்டும். கேட்டவர் எழுந்து போனபிறகும் உள்ளே நாலு கணினிகள் அவருக்காகச் சமைத்துக்கொண்டிருக்கும் வீண்வேலை இதனால் குறையும். மறுமுயற்சியிலும் கவனம் வேண்டும். மூன்று அடுக்குச் சேவைகள், ஒவ்வொன்றும் மூன்று தடவை முயலும் என்று வைத்தால், அடியில் இருக்கும் தரவுத்தளத்தின் தலையில் 27 கோரிக்கைகள் விழும். அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்ததால்தான் முதல் கோரிக்கைக்கே பதில் வரவில்லை.

என்எஃப்எஸ் கதைக்கு ஒரு முடிவு 2010இல் வந்தது. 4.1 என்ற பதிப்பில், கூப்பிடுபவரும் சர்வரும் முதலிலேயே பேசி, இத்தனை இருக்கைகள் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கோரிக்கையும் ஏதாவது ஒரு இருக்கையில் உட்கார்ந்துதான் போக வேண்டும். இருக்கைக்கு ஒரு வரிசை எண், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒன்று கூடும். சர்வர் இருக்கைக்கு ஒன்று வீதம் கடைசிப் பதிலை வைத்திருக்கும். அதே எண் திரும்ப வந்தால் அது நகல், வைத்திருக்கும் பதிலைக் கொடுக்கும். அடுத்த எண் வந்தால் முந்தைய பதில் கிடைத்துவிட்டது, அதைத் தூக்கி எறியலாம். எதை எப்போது மறப்பது என்று சர்வர் இனி ஊகிக்க வேண்டியதில்லை. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1984 கட்டுரையில் ஒரு நிரலோட்டத்துக்கு ஒரு எண் என்று இருந்ததுதான், இருக்கைக்கு ஒரு எண்ணாக 26 ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது.

வீட்டுக் கணினியில் இரண்டு மெய்நிகர் கணினிகளை எழுப்பி, ஒன்றைச் சர்வராக்கி, இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். ஒரு கோப்பை அழிக்கச் சொல்லி, அதற்கான பதில் வெளியே போகாதபடி சர்வரின் ஃபயர்வாலில் தடுத்தேன். சர்வரில் எட்டிப் பார்த்தால் கோப்பு போயிருந்தது. இந்தப் பக்கம் கட்டளை முடியாமல் காத்து நின்றது. இணைப்பை முறித்து, தடுப்பை எடுத்தேன். புது இணைப்பு எழுந்தது. பொட்டலங்களைக் காட்டும் திரையில் அதே கோரிக்கை, அதே இருக்கை, அதே வரிசை எண்ணோடு மறுபடி போனது. சர்வர் வைத்திருந்த பழைய பதில் வந்தது. அழிக்கும் கட்டளை வெற்றி பெற்றால் எதுவும் சொல்லாமல் முடிந்துவிடும். திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை, அடுத்த வரியில் கர்சர் வந்து நின்றது.